கிட்டார் உடலுக்கு ஓக்: பேக், சைடுக்குச் சரி, டாப்புக்கு வேண்டாம்

"மேஜை செய்கிற மரத்தில் கிட்டாரா?" என்ற இளக்காரம் ஓக்குக்கு இன்னும் உண்டு. 1995-இல் டெய்லர் கிட்டார் நிறுவனத்தின் பாப் டெய்லர் பழைய சரக்கு பேலட்டின் ஓக்கில் பேக்கும் (பின்பலகை) சைடும் (பக்கப்பலகை) செய்து கிட்டார் கட்டிக் காட்டிய பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. ஒலியில் ஓக் சோடை போகாது. மெனக்கெட வைப்பவை அதன் துளைகளும், ஈரப்பதம் மாறும்போது அது ஆடும் ஆட்டமும்தான்.

வெறுமனே 'ஓக்' என்று விற்றால், சிவப்பா வெள்ளையா என்று கேளுங்கள். சந்தேகமிருந்தால், நார் நீளவாக்கில் ஓடும் சிறு துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதுங்கள். குமிழி வந்தால் சிவப்பு. துளைகள் குழாய் போலத் திறந்து கிடக்கின்றன. வெள்ளையில் அவை அடைபட்டிருக்கும். பீப்பாய் செய்பவர்கள் அதைத் தேடுவதும் இதனால்தான்.

வெள்ளை ஓக்கின் எடை கன மீட்டருக்குச் சுமார் 750 கிலோ, இந்திய ரோஸ்வுட் 830. தட்டினால் ரோஸ்வுட்டின் நீண்ட கணீர் கிடைக்காது, ஓசை சீக்கிரம் அடங்கும். விரல் மீட்டலில் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் இருப்பது இதனால் வரும் லாபம்.

குவார்ட்டர்-சான் பலகை, அதாவது வளையங்கள் முகப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை, தவிர வேறெதையும் தொடாதீர்கள். பச்சை வெள்ளை ஓக் முழுதும் காயும்போது ஆரத்தின் போக்கில், அதாவது குவார்ட்டர்-சான் பலகையின் அகலவாக்கில், சுமார் 5.6 சதவீதம் சுருங்கும். வளையத்தின் போக்கில் 10.5. ரோஸ்வுட்டில் இந்த இரண்டாவது எண் 6-ஐக்கூடத் தொடாது. படுக்கை வாட்டத்தில் அறுத்த ஓக் பேக், வறண்ட காலத்தில் உட்புறம் ஒட்டிய பிரேஸ் கட்டைகளோடு மல்லுக்கட்டி வெடிக்கும். குவார்ட்டர்-சான் பலகையில் வெள்ளிச் செதில் போன்ற ரேகைகள் மின்னும். அழகுதான், ஆனால் மழுங்கிய இழைப்புளி பட்டால் அவை செதிலாகவே பெயர்ந்துவிடும். பேக்கை 2.5 மி.மீ.க்குக் கொண்டுவரும்போது கடைசி அரை மி.மீ.யை உப்புத்தாளிடம் விடுவது நல்லது.

2 மி.மீ. சைடு சூட்டில் சொன்னபடி வளையும். தொல்லை இரும்பால் வருகிறது. நனைந்த ஓக்கின் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இரும்பைத் தொட்ட இடத்தில் நீலக்கறுப்புக் கறை விழும். வளைக்கும் தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே அலுமினியத் தாள் சுற்றுங்கள். தேய்க்க ஸ்டீல் வுல்லை (இரும்பு நார்) எடுக்கவே வேண்டாம், அதன் துகள் பின்னால் கறுக்கும். விழுந்த கறையை ஆக்சாலிக் அமிலக் கரைசல் பெரும்பாலும் எடுத்துவிடும், கையுறை கட்டாயம்.

துளைகளை எபாக்ஸி பிசினால் இரண்டு முறை நிரப்பி, ஒவ்வொரு முறையும் மட்டமாகத் தேயுங்கள். ஒரே பூச்சோடு விட்டால், சில வாரங்களில் மேலே பூசிய லேக்கர் வார்னிஷ் துளைக்குள் இறங்கி மேற்பரப்பு அம்மைத் தழும்பாகிவிடும்.

டாப் (முன்பலகை)? வழக்கமான டாப் மரமான ஸ்ப்ரூஸைப் போல ஏறக்குறைய இருமடங்கு கனம், கம்பியின் அதிர்வு அதை அசைக்காது. கழுத்துக்கும் இதே கனம்தான் தடை, கிட்டார் தலைப்பக்கம் சாயும்.