ஹைப்போவுக்கு சோலனாய்டு டோசிங் பம்ப் வாங்கலாமா?

டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், பச்சை விளக்கு எரியும், பம்பில் ஒரு குறையும் தெரியாது. சாம்பிள் எடுத்துப் பார்த்தால் தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.1 மி.கி.-க்கு இறங்கியிருக்கும். குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமி நீக்கும் குளோரின் மருந்தான சோடியம் ஹைப்போகுளோரைட்டை (சுருக்கமாக ஹைப்போ) அளந்து ஏற்றும் சோலனாய்டு டயாஃப்ரம் பம்பின், அதாவது மின்காந்தத்தால் ஒரு சவ்வை அசைத்துத் திரவத்தைத் தள்ளும் பம்பின், பெரிய குறை இதுதான். பம்ப் அடிக்கும், மருந்து போகாது. வாங்குகிறவர் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

காரணம் ஹைப்போவுக்குள்ளேயே இருக்கிறது. அந்தத் திரவம் சும்மா வைத்திருந்தாலும் மெல்லச் சிதைந்து ஆக்சிஜனை விடும். வெயிலும் சூடும் பட்டால், இரும்பு, தாமிரம், நிக்கல் துளி கலந்தால் இன்னும் வேகமாக விடும். அந்தக் குமிழிகள் உறிஞ்சு குழாயில் சேர்ந்து பம்பின் தலைக்குள், அதாவது டயாஃப்ரமும் வால்வுகளும் உள்ள முன்பகுதிக்குள், போய் உட்கார்ந்துகொள்ளும். டயாஃப்ரம் முன்னே தள்ளும்போது திரவமாக இருந்தால் வெளி வால்வு திறக்கும். வாயுவாக இருந்தால் அது சுருங்கிக் கொடுத்துவிட்டு, பின்னே இழுக்கும்போது திரும்ப விரியும். மெயின் லைனில் 3 பார் எதிரழுத்தம் இருந்தால் வெளி வால்வின் பந்து அசையக்கூட அசையாது. இதைத்தான் ஏர் லாக் என்கிறோம்.

ஆகவே இந்த வகை பம்பில் முதலில் பார்க்க வேண்டியது லிட்டர் கணக்கை அல்ல, தலையை. தானாக வாயு வெளியேற்றும் தலை உள்ள மாடல் என்றால் வாங்கலாம். கையால் திருகித் திறக்கும் பிளீட் வால்வு மட்டும் உள்ள மாடல் படிகாரம் ஏற்றப் போதும், ஹைப்போவுக்கு வேண்டாம். இரவு ஷிப்டில் யாராவது மணிக்கு ஒருமுறை வந்து திருகிக்கொண்டிருக்க முடியாது. வாயு வெளியேறும் சின்னக் குழாயைத் திரும்ப டேங்குக்கே கொண்டுபோய், திரவ மட்டத்துக்கு மேலே முடிக்க வேண்டும். அதை உள்ளே முக்கி வைத்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். அப்படி வைத்தால் வாயு வெளியேறத் தடங்கல்தான்.

தலை என்ன பொருளில் செய்தது என்பது அடுத்த கேள்வி. பிவிசி, பிவிடிஎஃப் இரண்டும் சரி. அக்ரிலிக் தலை பளிச்சென்று உள்ளே தெரியும்படி இருக்கும், விலையும் குறைவு. நாளடைவில் போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் விடும். டயாஃப்ரத்தின் திரவம் படும் பக்கம் பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஆக இருக்க வேண்டும், பந்துகள் செராமிக். யாரும் கேட்காத ஒரு விஷயம் ஸ்பிரிங். இன்ஜெக்‌ஷன் வால்வுக்குள் (மருந்து மெயின் லைனில் நுழையும் இடத்து வால்வு) இருக்கும் ஸ்பிரிங் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் ஹைப்போ அரித்துத் தின்றுவிடும். ஹாஸ்டெல்லாய் சி அல்லது டைட்டானியம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொள்ளளவைத் தேர்வதில் நடக்கும் தப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: 'எதற்கும் இருக்கட்டும்' என்று பெரியதாக வாங்குவது. கணக்கு எளிது. மணிக்கு 50 கன மீட்டர் தண்ணீர், லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் தேவை என்றால் மணிக்கு 100 கிராம். ஹைப்போவில் லிட்டருக்கு 100 கிராம் குளோரின் இருந்தால், அதாவது 10 சதவீதம் என்றால், மணிக்கு 1 லிட்டர் போதும். இதற்கு 2 அல்லது 3 லிட்டர் பம்ப் பொருத்தம். 15 லிட்டர் பம்பை வாங்கிவிட்டு ஸ்ட்ரோக் நீளத்தை (டயாஃப்ரம் ஒரு அடியில் நகரும் தூரத்தை) 10 சதவீதத்துக்குக் குறைத்து ஓட்டினால், ஒவ்வொரு அடியிலும் நகரும் திரவம் மிகக் கொஞ்சம். ஒரு சிறு குமிழியே அதை விழுங்கிவிடும். ஸ்ட்ரோக் நீளத்தை முடிந்தவரை முழுதாக வைத்துவிட்டு, அளவை ஸ்ட்ரோக் வேகத்தால் கூட்டிக் குறைப்பதே ஹைப்போவுக்குச் சரி. நீளம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அளவும் துல்லியமாக இருக்காது.

லேபிளில் போட்டிருக்கும் லிட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் அதிகபட்ச எதிரழுத்தத்தில் கிடைப்பது. அழுத்தம் குறைந்த லைனில் அதே பம்ப் இன்னும் அதிகமாகத் தள்ளும். எனவே உறிஞ்சு பக்கத்தில் அளவுக் குழாய் இல்லாமல் பம்பைப் பொருத்தவே கூடாது. 100 மி.லி. கோடு போட்ட கண்ணாடிக்குழல் மாதிரியான ஒன்று, இரண்டு வால்வுகளோடு. டேங்க் வால்வை மூடி, குழாயிலிருந்து மட்டும் பம்ப் உறிஞ்சும்படி 3 நிமிடம் ஓட விட வேண்டும். மணிக்கு 1 லிட்டர் என்றால் 50 மி.லி. இறங்க வேண்டும். 35 இறங்கினால் வால்வு சீட்டில் அழுக்கோ, வாயுவோ. இறங்கவே இல்லை என்றால் ஏர் லாக். இந்தச் சோதனையை லைன் அழுத்தத்தோடு செய்தால்தான் அர்த்தம். டிஸ்சார்ஜ் குழாயைக் கழற்றி ஜாடியில் பிடித்து அளந்தால் வேறு எண் வரும்.

50 சரியாக இறங்கியும் எஞ்சிய குளோரின் குறைகிறதா? பம்பைத் திட்டாதீர்கள். ஹைப்போ வலுவிழந்திருக்கும், அல்லது வரும் தண்ணீரின் குளோரின் தேவை ஏறியிருக்கும். 10 சதவீத ஹைப்போ 8-க்கு இறங்கினாலே 2 மி.கி. டோஸ் 1.6 ஆகிவிடும். டேங்கில் உள்ளதை டைட்ரேஷன் செய்து (ரசாயனச் சோதனையில் வலுவை அளந்து) பார்க்காமல் ஸ்ட்ரோக்கை ஏற்றிக்கொண்டே போனால், புது லோடு வந்து இறங்கும் நாளில் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கும்.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவை சில. பம்ப் டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால் உறிஞ்சு பக்கம் எப்போதும் நிரம்பியிருக்கும், தொல்லை பாதியாகும். டேங்குக்கு மேலே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் உயரம் 1.5 மீட்டரைத் தாண்டாமல், குழாய் மேடு பள்ளம் இல்லாமல் ஒரே ஏற்றமாக வர வேண்டும். ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் கீழ்முனை வால்வு) டேங்கின் அடியிலிருந்து 5 முதல் 10 செ.மீ. மேலே தொங்கட்டும், அடியில் படியும் கசடு வால்வு பந்தின் கீழ் போய் உட்கார்ந்தால் பம்ப் மூச்சு வாங்கும். மருந்து விழும் இடம் திறந்த தொட்டியாகவோ ராவாட்டர் (சுத்திகரிக்காத தண்ணீர்) பம்பின் உறிஞ்சு பக்கமாகவோ இருந்தால், மருந்து தானாக இழுபட்டு வடிவதைத் தடுக்கும் ஆன்ட்டி சைஃபன் வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் பம்பை நிறுத்திய பிறகும் டேங்க் தானாக வடிந்துவிடும். மெயின் மோட்டார் நின்றால் டோசிங் பம்பும் நிற்கும்படி ஒரு இன்டர்லாக் வேண்டும். நின்ற தண்ணீரில் ஹைப்போ சேர்ந்துகொண்டே போவது நல்லதல்ல.

துளையுள்ள பந்தைத் திருப்பித் திறந்து மூடும் பால் வால்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாதாரண பால் வால்வை மூடும்போது பந்தின் குழிக்குள் கொஞ்சம் ஹைப்போ அடைபட்டுப் போகும். அது சிதைந்து வாயுவாகி, போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி வால்வையே உடைத்துவிடும். பந்தின் ஒரு பக்கம் சிறு துளை போட்ட, ஹைப்போவுக்கென்றே வரும் வால்வு கிடைக்கிறது. துளை டேங்கின் பக்கம் பார்க்கும்படி, உடம்பில் உள்ள அம்புக்குறி பார்த்துப் பொருத்த வேண்டும். திருப்பிப் போட்டால் துளை இருந்தும் பயனில்லை.

கடின நீர் உள்ள இடத்தில் இன்ஜெக்‌ஷன் வால்வின் முனையில் வெள்ளைக் கட்டி வளரும். ஹைப்போவின் காரத்தன்மையில் கால்சியம் கார்பனேட் படிவதால் வருவது அது. எதிரழுத்தம் ஏறுவதும், பம்பின் அடி சத்தம் கனப்பதும் அதன் அறிகுறி. கழற்றி, நல்ல தண்ணீரில் ஹைப்போ வாடையே இல்லாத அளவுக்குக் கழுவி, அதற்குப் பிறகுதான் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற வைக்க வேண்டும். ஹைப்போ இருக்கும் லைனில் அமிலத்தை ஏற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய டோசிங் அறையில் அது உயிருக்கே ஆபத்து. மறுபடி பொருத்துவதற்கு முன்னும் திரும்ப ஒருமுறை கழுவ வேண்டும்.

தலையின் நான்கு போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, ஒரு நாள் ஓடிய பிறகு மறுபடி இறுக்குங்கள். பிளாஸ்டிக் அமுங்கிக் கொடுக்கும். தலைக்குப் பின்னால் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் ஈரம் கண்டால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது என்று பொருள். சிலர் கசிவு என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்துவிடுவார்கள். அப்போது ஹைப்போ சோலனாய்டுக்குள் போய்ப் பம்ப் மொத்தமும் போகும். வாங்கும்போதே டயாஃப்ரம், வால்வு செட், ஓ-ரிங் அடங்கிய ஸ்பேர் கிட் ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுவது லாபம். வால்வு கேட்ரிஜைத் தலைகீழாகப் போட்டுவிட்டு 'புது பம்பே வேலை செய்யலை' என்று திருப்பி அனுப்பிய கதைகளும் உண்டு.

மற்ற இரண்டு வகைகளோடு ஒப்பிட்டால்: ரோலர் வைத்துக் குழாயை நசுக்கித் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்புக்கு ஏர் லாக் என்பதே கிடையாது. ஆனால் குழாய் தளரத் தளர அளவு குறையும், வெடித்தால் உள்ளே எல்லாம் ஹைப்போ. சாதாரண மாடல்கள் அதிக எதிரழுத்தமும் தாங்காது. அழுத்தம் குறைந்த லைனும் வாரம் ஒருமுறை அளந்து பார்க்கும் ஆளும் இருந்தால் அதையே எடுக்கலாம். ஸ்டெப்பர் மோட்டார் பம்ப் முழு ஸ்ட்ரோக்கில் மெதுவாக உறிஞ்சுவதால் குமிழி குறைவு, மருந்தும் சீராகப் போகும். விலை கூடுதல். திரையில் மி.லி. கணக்கில் காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் அது மோட்டார் சுற்றை வைத்துப் போட்ட கணக்கு, ஓட்டத்தை அளந்தது இல்லை. அளவுக் குழாய் அதற்கும் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகு குறைந்தது 0.5 மி.கி. எஞ்சிய குளோரின், பிஹெச் 8-க்குக் கீழே. ஒரே பம்பை நம்பி அதை 24 மணி நேரமும் காப்பாற்ற முடியாது. ஒரு விலையுயர்ந்த பம்புக்குப் பதில், வாயு வெளியேற்றும் தலையோடு நடுத்தர விலையில் இரண்டு வாங்கி, ஒன்றை ஓட்டி ஒன்றைத் தயாராக வையுங்கள். தயாராக நிற்கும் பம்பின் தலையைத் தண்ணீர் விட்டுக் கழுவி வைக்க மறக்காதீர்கள். ஹைப்போ காய்ந்து உப்பானால் பந்து சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.