சார்ட்டா, ஓவியமா, ஃபோன் படமா? ஆங்கிலத்தில் வர்ணிக்கப் பழக்க எது நல்லது

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதச் சொல்வார்கள். அதற்குப் பிள்ளைகள் ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள்: ‘திஸ் இஸ் எ நைஸ் பிக்சர், ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச்’. மழையோ குப்பைமேடோ விபத்தோ, எதற்கும் பொருந்தும். படத்தைப் பார்க்காமலே எழுதிவிடலாம், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதனால் தமிழ்வழியில் படிக்கும் என் ஏழாம் வகுப்பில் மூன்று வகைப் படங்களை மாற்றி மாற்றி வைத்து எழுதவைத்துப் பார்த்தேன்.

முதலில் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சார்ட். கிராமம், சந்தை, ரயில் நிலையம். கடைசி பெஞ்சுக்கும் தெரியும், சொல் சேர்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. எமிலி கால்ஹவுன் என்ற கல்வியாளர் 1999இல் விளக்கிய ஒரு முறை இதற்கு நன்றாக உதவும்: படத்தைப் பெரிய தாளின் நடுவில் ஒட்டி, பிள்ளைகள் சொல்லும் ஒவ்வொரு பொருளிலிருந்தும் கோடு இழுத்து ஓரத்தில் அந்தச் சொல்லை எழுதி, எழுத்துக்கூட்டிச் சொல்லவைத்து, அப்புறம் சொற்களை இனம் பிரித்து, அங்கிருந்து வாக்கியம், பத்தி என்று போக வேண்டும். சொற்கள் மளமளவென்று சேர்ந்தன. ஆனால் எழுதச் சொன்னதும் ‘தேர் இஸ் எ ட்ரீ. தேர் இஸ் எ கவ். தேர் இஸ் எ வெல்.’ எல்லா நோட்டிலும் அதே மாடு. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, சார்ட்டில் இருக்கும் மாட்டுக்கு விலா எலும்பு தெரியவில்லை, கொம்பு முறியவில்லை, கழுத்தில் கயிறு இல்லை. அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

அடுத்தது ஓவியம். பீட்டர் புரூகல் 1560இல் வரைந்த ‘சிறுவர் விளையாட்டுகள்’, வியன்னா அருங்காட்சியகத்தில் இருப்பது. 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே தெருவில் விளையாடுகிறார்கள். எங்கோ ஐரோப்பாவில் வரைந்த படத்தில் பச்சைக்குதிரையையும் பம்பரத்தையும் கண்டுபிடித்ததும் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. இடது கீழ்மூலையில் இரண்டு பெண்கள் எலும்புத் துண்டுகளை வைத்து ஆடுவதைப் பார்த்து ‘அஞ்சாங்கல்லு மிஸ்!’ என்றாள் ஒருத்தி. இந்தப் படம் இடச்சொற்களுக்குத்தான் சரி. யார் எங்கே நிற்கிறார் என்று சொல்லாமல் ஒரு ஆளைக்கூட அடையாளம் காட்ட முடியாது. ‘வீட்டுக்கு முன்னால்’ என்று நினைத்து ‘ஹவுஸ் இன் ஃபிரன்ட்’ என்று எழுதும் பிள்ளை, பத்து முறை ஆள் தேடி விளையாடியதும் ‘இன் ஃபிரன்ட் ஆஃப் த ஹவுஸ்’ என்று தானாகவே மாற்றிக்கொள்கிறது. ஒரு சிக்கல், ஏ4 தாளில் அச்சிட்டால் உருவங்கள் எறும்பு மாதிரி ஆகிவிடும். ஸ்மார்ட் போர்டு இல்லையென்றால் பகுதி பகுதியாகப் பெரிதாக்கி, குழுவுக்கு ஒன்றாகக் கொடுங்கள்.

மூன்றாவது, பிள்ளைகள் தாங்களே எடுத்த ஃபோன் படம். என் ஓட்டு இதற்குத்தான். வீட்டில் அம்மாவின் ஃபோனில் ஏதாவது ஒரு பொருளை எடுத்துவரச் சொன்னேன், ஃபோன் இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளி வாசலிலேயே என் ஃபோனைக் கொடுத்தேன். ஆட்களை எடுத்தால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்பது கட்டளை. ஒரு பையன் தெருமுனை டீக்கடை பாய்லரை எடுத்து வந்தான். அரைப் பக்கம் எழுதிவிட்டு என்னிடம் வந்து, ‘மிஸ், நசுங்குனதுக்கு இங்கிலீஷ்ல என்ன?’ என்றான். ‘டென்டட்’. நாற்பது சொல்லை நான் போர்டில் எழுதிப்போட்டாலும் கிடைக்காத சொல் அது, அவனுக்கு வேண்டியிருந்ததால் கேட்டான். ‘எ பிக் ஓல்ட் பிராஸ் பாய்லர்’ என்று அடைமொழிகளை வரிசை மாறாமல் எழுதினான். நான் விதி எதுவும் சொல்லித்தரவில்லை. ‘பெரிய பழைய பித்தளை பாய்லர்’ என்றுதானே நாமும் சொல்கிறோம், அந்த வரிசை அப்படியே கைகொடுத்தது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. சார்ட்டை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், பார்த்ததை ஏன் வர்ணிக்க வேண்டும்? ஃபோன் படத்தைப் பக்கத்தில் இருப்பவன் பார்த்ததில்லை. அதனால் எழுதியதை மட்டும் அவனிடம் கொடுத்து வரையச் சொல்லலாம். பாய்லரை அவன் உருண்டையாக வரைந்தான். எழுதியவன் நோட்டைப் பிடுங்கி உயரம் என்பதற்கு ‘டால்’ என்று சேர்த்தான், குழாய் எந்தப் பக்கம் என்றும் எழுதினான். நான் சிவப்புப் பேனாவைத் தொடவே இல்லை.

படத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். கோயில் தேர், பிறந்தநாள் கேக், சூரிய அஸ்தமனம் எல்லாம் ‘வெரி பியூட்டிஃபுல்’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டன. அடி தேய்ந்த செருப்பு, துருப்பிடித்த கேட், பாட்டியின் வெற்றிலைப்பெட்டி, இவை பக்கம் பக்கமாக வந்தன. நேரம் குறைவென்றால் சார்ட்டுக்கு ஒரு பீரியட், ஓவியத்துக்கு இரண்டு, மிச்ச வாரமெல்லாம் ஃபோன் படத்துக்குக் கொடுங்கள்.