அம்மா சுங்கை சிப்புட் வீட்லயே இருக்கட்டுமா, ஈப்போ பக்கம் சீனியர் குடியிருப்புக்குப் போகட்டுமா?

அம்மாவுக்கு 72. ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவி பால் எடுத்தவங்க, இப்ப தாமான் (வீட்டுமனைப் பகுதி) வீட்ல தனியா இருக்காங்க. இங்கன்னா வாடகை இல்ல, 60 தாண்டுன மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்ல பதிவுக் கட்டணமும் இல்ல, கோயிலு, பசாரு, பக்கத்து வீட்டு அக்கா எல்லாம் நடக்குற தூரம்தான், ஆனா ராத்திரி பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா யாருக்குத் தெரியும் சொல்லுங்க?

அந்தக் குடியிருப்புன்னா கைப்பிடி, அவசர மணி, பேச்சுத்துணை எல்லாம் கிடைக்கும், ஆனா மாசாமாசம் கட்டணும், இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு) காசு மளமளன்னு கரைஞ்சிடும் லா. இன்னொன்னு, அது நர்சிங் ஹோம் இல்ல, தானா எழுந்து நடமாடுறவங்களுக்குத்தான், படுத்துட்டா திரும்ப வேற இடம் தேடணும். தெனம் ரசம் வைப்பாங்களான்னு அம்மா கேக்குறாங்க, அது வேற கவலை!

என் ஓட்டு இப்போதைக்கு வீட்டுக்குத்தான், கைப்பிடிய நாமளே மாட்டிக்கலாம்.