தொட்டியிலிருந்து பேனலுக்கு எந்த ஒயர்?

பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. வெந்நீர், உப்புக் கரைசல், கழிவுநீர் என்று மொத்தம் 12 தொட்டி. லெவலையும் டெம்பரேச்சரையும் ஒரே கம்பியில் அளக்கும் ப்ரோப் எல்லாவற்றிலும் இறக்கியாயிற்று. “ஏனுங்க, இந்த ரீடிங்கையெல்லாம் எதுல கொண்டாறதுங்க?” என்றார் முதலாளி. கொட்டேஷனில் மூன்று வழி இருந்தது: 4–20 மில்லி ஆம்பியர் (அளவைக் கரண்டாக அனுப்புவது), ஆர்.எஸ்.232 (ஒன்றுக்கு ஒன்று பேசும் டிஜிட்டல் ஒயர்), ஆர்.எஸ்.485-இல் மாட்பஸ் (பல கருவிகள் ஒரே ஒயரில் கேள்வி-பதிலாகப் பேசுவது).

ஆர்.எஸ்.232-ஐ முதலிலேயே கழித்துவிடலாம். ஒயர் நீளம் 15 மீட்டர் என்பது பழைய கணக்கு. வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். ஒரு போர்ட்டில் ஒரு ப்ரோப்தான் மாட்டலாம். தொட்டி மேலே லேப்டாப்போடு உட்கார்ந்து செட்டிங் மாற்ற நல்லது.

4–20 மேல் எனக்கு மரியாதை உண்டு. தொட்டி காலியாக இருந்தாலும் 4 மில்லி ஆம்பியர் ஓடும், நிறைந்தால் 20; பூஜ்யம் காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது. நைட் ஷிப்ட் எலக்ட்ரீஷியன் மீட்டரை சீரிஸில் வைத்து, 12 வந்தால் “பாதித் தொட்டிங்க” என்று சொல்லிவிடுவார், லேப்டாப் வேண்டாம். இடி விழுந்தாலும் பெரும்பாலும் அந்த ஒரு லூப்போடு போகும்.

ஆனால் ஒரு ஜோடி ஒயரில் ஒரு அளவுதான் வரும். லெவலுக்கு ஒன்று, டெம்பரேச்சருக்கு ஒன்று என்று 12 தொட்டிக்கு 24 ஜோடி, பி.எல்.சி.யில் (பேனலில் இருந்து ரீடிங்கை வாங்கி மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர்) 24 அனலாக் இன்புட். கார்டு விலையைக் கேட்டதும் முதலாளி மோர் வரவழைத்துக் குடித்தார். இன்னொன்று: 3 மீட்டர் தொட்டியில் 0.1 மில்லி ஆம்பியர் பிசகினால் கிட்டத்தட்ட 19 மில்லிமீட்டர் பிசகும். மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் ப்ரோப்பை வாங்கி இதில் கட்டுவது, கறந்த பாலில் நாமே தண்ணீர் ஊற்றுகிற கதை. இதே ஒயரில் ஹார்ட் (அந்தக் கரண்டின் மேலேயே டிஜிட்டல் தகவல் அனுப்பும் முறை) ஏற்றலாம்தான்; 1200 பிட் வேகம், எனக்குப் பொறுமை இல்லை.

ஆர்.எஸ்.485 இரண்டு ஒயருக்கும் நடுவே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தைத்தான் பார்க்கும், 0.2 வோல்ட் இருந்தால் போதும். மெதுவான வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும், சாதாரணக் கருவி 32 தாங்கும். அதன் மேல் ஓடும் மாட்பஸ், 1979-இல் மோடிகான் கொண்டுவந்தது. கேள்வி 8 பைட். லெவல், டெம்பரேச்சர் இரண்டும் சேர்ந்த பதில் 13 பைட். 9600 வேகத்தில் ஒயரில் ஓடும் நேரம் சுமார் 22 மில்லி செகண்ட். ப்ரோப் யோசிக்கும் நேரத்தைச் சேர்த்தாலும் சாயத் தொட்டிக்கு இது தாராளம்.

சிக்கல் ஒயரிங்கில்தான். மாலை கோத்த மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக வேண்டும். நடுவிலிருந்து கிளை பிரித்தால் கெட்டது. இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர். “ரெண்டு ஒயர் போதுங்க” என்பார்கள், போதாது. காமனுக்கு (எல்லாக் கருவிக்கும் பொதுவான பூஜ்யப் புள்ளி) மூன்றாவது ஒயர் வேண்டும். மற்ற இரண்டு ஒயரின் ஏ, பி பெயரைக் கம்பெனிக்குக் கம்பெனி மாற்றி அச்சடிக்கிறார்கள். பதில் வராவிட்டால் முதலில் அந்த இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் கெடாது.

வேறொரு பட்டறையில் இதே 485-இல் என் இரண்டு மணி நேரம் போனது. “அண்ணா, தண்ணில கை வெக்க முடியல, திரையில 0.00ங்குது” என்றான் ஃபிட்டர் தம்பி. தெர்மாமீட்டரில் 60 டிகிரி. ப்ரோப் எண்ணை வைக்கும் இடமான ரெஜிஸ்டரைப் பச்சையாகத் திறந்து பார்த்தேன்: முதலில் 0000, அடுத்தது 4270. மாட்பஸ் ரெஜிஸ்டர் 16 பிட், தசம எண்ணுக்கு 32 பிட், அதனால் எண் இரண்டு துண்டாக வரும். 60 என்பது கம்ப்யூட்டர் எழுத்தில் 4270 0000. அந்த ப்ரோப் பின்துண்டை முதலில் அனுப்ப, பி.எல்.சி. 0000 4270 என்று சேர்த்துவிட்டது. அது பூஜ்யத்தை ஒட்டிய எண். வேர்டு ஸ்வாப் என்ற கட்டத்தில் ஒரு டிக், 60 வந்துவிட்டது. 4–20-இல் இந்தக் கூத்து கிடையாது.

இருந்தாலும் 12 தொட்டி ரீடிங்குக்கு 485 என்றுதான் எழுதிக் கொடுத்தேன். பாய்லர் ஃபீட் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் பம்பை நிறுத்தும் வேலையை மட்டும் அதில் விடவில்லை; அதற்குத் தனி ஃப்ளோட் ஸ்விட்ச், நேராக ஸ்டார்ட்டருக்கு. மோட்டார் வேகத்தை மாற்றும், மின் இரைச்சல் கிளப்பும் வி.எஃப்.டி.யின் கேபிள் போகும் ட்ரேயில் 485-ஐப் படுக்க வைக்காமல் தனி ஜி.ஐ. (இரும்பு) பைப் கேட்டிருக்கிறேன். “பைப் இல்லாம ஓடாதுங்களா?” என்று முதலாளி இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்.