காட்டுக் காளானா, வளர்ப்புக் காளானா?

காளான் பிரியர்களுக்குள் ஒரு பழைய வழக்கு உண்டு. காட்டில் தானாக முளைப்பதுதான் காளான், பண்ணையில் விளைவது பெயருக்குத்தான் என்பது ஒரு கட்சி. தெரியாததைப் பறித்துத் தின்று உயிரை விடுவானேன், பண்ணைக் காளானே போதும் என்பது மறு கட்சி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அன்றாடச் சமையலுக்கு வளர்ப்புக் காளான்தான் சரி. ஆனால் சுவையின் உச்சமும், காளானிடமிருந்து மனிதன் கற்ற பெரிய பாடங்களும் காட்டுப் பக்கமே இருக்கின்றன.

வயதில் மூத்தது காடு. ஸ்பெயினின் எல் மிரோன் குகையில் வாழ்ந்த பனியுக மனிதர்களின் பல் காரையில் காளான் ஸ்போர்கள், அதாவது விதை போன்ற நுண்துகள்கள், கிடைத்திருக்கின்றன. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஓட்சி என்ற மனிதனிடம் இரண்டு வகைப் பூஞ்சைகள் இருந்தன. இரண்டுமே மரத்தில் ஒட்டி வளரும் கடினமான வகைகள். ஒன்று தீ மூட்டப் பயன்படுவது. பிர்ச் மரத்தில் வளரும் மற்றொன்றை மருந்துக்காக வைத்திருந்திருக்கலாம் என்கிறார்கள்.

வளர்ப்பின் கதை அதற்கு ரொம்பப் பிந்தியது. சீனாவில் மரக்கட்டையில் ஷீட்டாகே என்ற காளானை வளர்க்கும் முறையை 1313-ஆம் ஆண்டு வாக்கில் வாங் சென் தன் வேளாண் நூலில் எழுதிவைத்தார். கட்டையைக் கோடரியால் கொத்தி, மூடிவைத்து, பிறகு தட்டித் தட்டி முளைக்க வைப்பார்கள். பிரான்சில் 1650-ஐ ஒட்டி, பாரிஸைச் சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் முலாம்பழப் பாத்தியில் போட்ட குதிரைச் சாண எருவில் மொட்டுக் காளானை வளர்க்கத் தொடங்கினார்கள். பிறகு அது நகருக்கு அடியில் கைவிடப்பட்ட கல் சுரங்கங்களுக்கு இறங்கியது. அங்கே ஆண்டு முழுதும் ஒரே குளிர்ச்சி, ஒரே ஈரம். ஆனாலும் வித்துக்குக் காட்டையே நம்ப வேண்டியிருந்தது. புல்வெளியில் பூஞ்சை இழை படர்ந்த மண்ணைத் தோண்டி வந்து பாத்தியில் புதைத்தார்கள். 1890-களில் பாரிஸின் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் ஸ்போரிலிருந்து சுத்தமான வித்து தயாரிக்க வழி கண்ட பிறகுதான் பண்ணை தன் காலில் நின்றது. 1926-இல் பென்சில்வேனியாவில் பழுப்புக் காளான்களுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று முளைக்க, அதைப் பெருக்கினார்கள். இன்று நாம் பார்க்கும் வெள்ளை மொட்டு அந்த வழியில் வந்தது. வெள்ளை மொட்டு, பழுப்பு மொட்டு, அகலக் குடை விரித்த போர்ட்டபெல்லோ மூன்றும் ஒரே இனம்தான் என்பது பலருக்குத் தெரியாது.

இனி பாதுகாப்பு. இங்கே போட்டியே கிடையாது. சாவுக் குடை என்று அழைக்கப்படும் அமானிட்டா ஃபல்லாய்டிஸ் ஒன்றே போதும் காட்டுக் கட்சியை வாயடைக்க. அரைக் குடை அளவு தின்றாலே ஒரு பெரிய ஆள் சாகலாம். அதிலுள்ள அமானிட்டின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் உலர்த்தினாலும் போகாது. தின்ற பிறகு 6 மணி நேரத்துக்கும் மேலாக எந்த அறிகுறியும் தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. பிறகு ஒரு நாள் தேறியது போலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். கி.பி. 54-இல் இறந்த ரோமப் பேரரசர் கிளாடியஸுக்குக் காளானில் நஞ்சு வைத்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நச்சுக் காளானைக் கண்டுபிடிக்கப் பரம்பரையாகச் சொல்லப்படும் சோதனைகள் எவையும் உதவாது. வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூச்சி தின்றிருந்தால் நல்லது, தோல் உரிந்தால் நல்லது எல்லாம் பொய். சாவுக் குடையைப் பூச்சிகள் தின்னும், தோலும் உரியும், பிழைத்தவர்கள் அது ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். கிழக்கு ஆசியாவில் வைக்கோல் காளான் பறித்துப் பழகியவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன இடத்தில், அதே போலத் தோன்றும் சாவுக் குடையின் இளம் மொட்டைப் பார்த்து ஏமாந்து இறந்திருக்கிறார்கள். அவர்கள் அறிவில்லாதவர்கள் அல்லர். ஒரு மண்ணில் கற்ற அறிவு இன்னொரு மண்ணில் செல்லாது, அவ்வளவுதான். பிரான்சில் மருந்தாளுநர் படிப்பிலேயே காளான் பாடம் உண்டு. பறித்த கூடையை மருந்துக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுச் சமைப்பது அங்கே வழக்கம். அப்படி நேரில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் காட்டுக் காளான் வேண்டவே வேண்டாம் என்பேன். படத்தைப் பார்த்தோ செயலியைக் கேட்டோ முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

நஞ்சில்லாத காட்டுக் காளானும் மண்ணில் உள்ளதை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். 1986 செர்னோபில் அணு உலை விபத்தில் விழுந்த கதிரியக்கப் பொருளான சீசியம்-137, பல பத்தாண்டுகள் கழித்தும் ஐரோப்பியக் காளான்களில் அளவிடப்படுகிறது. பண்ணையில் எருவும் வைக்கோலும் எங்கிருந்து வந்தன என்று தெரியும். ஆனால் பறிப்பதால் காடு அழிகிறது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. சுவிட்சர்லாந்தில் 29 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பறித்த இடத்தில் பிற்கால விளைச்சல் குறையவில்லை. மிதிபட்ட இடத்தில்தான் குறைந்தது.

சுவைக்கு வந்தால் தட்டு மறுபக்கம் சாய்கிறது. மொட்டுக் காளானில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். நல்ல சூட்டில் அந்த நீரை வற்றவிட்டு வதக்கினால்தான் அதன் ருசி வெளியே வரும். காட்டுக் காளான்களில் போர்சினியை உலர்த்தினால் வீடே மணக்கும். சாந்தரெல்லில் ஆப்ரிகாட் பழ வாசனை. பைன் மர வேரோடு வாழும் மட்சுடாகேயின் காரமான மணத்துக்குப் பண்ணையில் எதுவும் ஈடில்லை. எனோகி என்ற காளானைப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: காட்டில் அது பழுப்புக் குடையும் கட்டைத் தண்டுமாக இருக்கும், பண்ணையில் இருட்டிலும் கரியமில வாயு மிகுந்த காற்றிலும் வளர்வதால் வெளிறி, நூல் நூலாக நீள்கிறது.

பண்ணைக் கட்சிக்கு இங்கே ஒரே வீரன் ஷீட்டாகே. உலர்ந்த ஷீட்டாகேயில் உமாமி என்ற ஆழ்ந்த சுவையைத் தரும் குவானிலேட் நிறைய உண்டு. 1957-இல் இதை ஆராய்ந்த ஜப்பானிய ஆய்வாளர் அகிரா குனினாகா, உமாமி தரும் மற்றொரு பொருளான குளூட்டமேட்டோடு சேரும்போது சுவை பன்மடங்காவதையும் காட்டினார். அதனால் உலர்ந்த ஷீட்டாகேயை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்.

சத்தில் பெரிய வேறுபாடு வைட்டமின் டி மட்டும். காளானில் எர்கோஸ்டெரால் என்ற பொருள் இருக்கிறது. புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆகும். வெயில் காணும் சாந்தரெல்லில் அது இயல்பாகவே உண்டு, இருட்டறை மொட்டில் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் நறுக்கிய மொட்டை நடுப்பகல் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தாலே அது உருவாகிவிடும் என்பதால் இந்தக் குறையைச் சமையலறையிலேயே சரிசெய்யலாம்.

அறிவியல் காட்டுக்குப் பட்ட கடன் பெரிது. கொல்லும் அதே அமானிட்டின், செல்லில் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ.-வாகப் படியெடுக்கும் நொதிகளைப் பிரித்தறிய ஆய்வகக் கருவியானது. பைன் காய்களில் முளைக்கும் ஒரு சின்னக் காளானிலிருந்து 1977-இல் மற்றப் பூஞ்சைகளைத் தடுக்கும் ஸ்ட்ரோபிலூரின் என்ற பொருள் கிடைத்தது. அதை மாதிரியாக வைத்துச் செய்த பூஞ்சைக்கொல்லிகள் இன்று உலகெங்கும் பயிர்களைக் காக்கின்றன. மெக்சிகோவின் மசாதெக் மக்கள் சடங்கில் உண்ட காளானிலிருந்து 1958-இல் சுவிஸ் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் மனமயக்கம் தரும் சைலோசைபினைப் பிரித்தார். மனச்சோர்வுக்கு மருந்தாகுமா என்று இப்போது சோதிக்கப்படுவது அதுதான்.

ஏன் எல்லாவற்றையும் பண்ணைக்குக் கொண்டுவர முடியவில்லை? மொட்டு, சிப்பி, ஷீட்டாகே எல்லாம் மட்கியதைத் தின்று வாழ்பவை. வைக்கோலோ மரத்தூளோ கொடுத்தால் போதும். சாந்தரெல், போர்சினி, மட்சுடாகே உயிருள்ள மரத்தின் வேரோடு சர்க்கரையும் தாது உப்பும் மாற்றிக்கொண்டு வாழ்பவை. மரத்தையே சேர்த்து வளர்க்க வேண்டும். மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சையான ட்ரஃபிளுக்கு அதைத்தான் செய்தார் பிரான்சின் ஜோசப் தலோன்: 1810 வாக்கில், ட்ரஃபிள் விளைந்த ஓக் மரத்தடி விதைகளை விதைத்து, சில ஆண்டுகள் காத்திருந்து அறுவடை செய்தார். 1997-இல் பைன் நாற்றோடு பசுமைக்குடிலில் சாந்தரெல் முளைக்க வைத்ததாக ஸ்வீடன் ஆய்வாளர் எரிக் டானெல் ஒரு சகாவோடு அறிவித்தார். ஆனாலும் அது சந்தைக்கு வரும் பயிராகவில்லை. மோரல் என்ற இன்னொரு காட்டுக் காளான் அவ்வளவு பிடிவாதம் காட்டவில்லை. சீனாவில் அது இப்போது வயலில் விளைகிறது. ஆனால் வயலில் விளைந்தாலும் மோரலைப் பச்சையாகத் தின்னக் கூடாது, நன்றாக வேகவைத்தே ஆக வேண்டும்.