ஒன்பது ஆண்டுகளாக .22: மச்சானின் கேள்விக்கு ஒரு பதில்

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் வேளாண்மை செய்யும் மச்சான், நான் விடுமுறைக்கு மட்டக்களப்பு வந்த மறுநாளே கேட்டார்: "மச்சான், நீங்க அங்க வைச்சிருக்கிற சின்னத் துவக்கு பண்டிக்குச் சரிவருமா?" சரிவராது. பன்றியைக் காயப்படுத்தி, அது பற்றைக்குள் கிடந்து நாட்கணக்கில் வதைபடுவதற்குத்தான் உதவும். அனுமதிப்பத்திரத்தோடு அவர் வைத்திருக்கும் பன்னிரண்டு போர் (12-bore) பெரிய துவக்கே அந்த வேலைக்கு உரியது. ஆனால் என் துவக்கின் .22 என்ற அளவைச் (குழாயின் விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலம்) சொல்லி, ".22 எல்லாம் ஒன்றுதானே" என்று அவர் தொடர்ந்து சொன்னதை என்னால் அப்படியே விட முடியவில்லை.

அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் பண்ணையொன்றில் முயல்களைக் கட்டுப்படுத்துவதற்காக உரிமம் பெற்று, ஒன்பது ஆண்டுகளாக .22 லோங் ரைபிள் தோட்டா போடும், போல்ட்டைக் கையால் இழுத்துத் திறக்கும் துப்பாக்கி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். ஆனால் .22 என்பது ஒரே தோட்டா அல்ல. 1857இல் வந்த .22 ஷோர்ட்டின் கோது (வெடிமருந்தைத் தாங்கும் உலோகக் கூடு) 10.7 மில்லிமீற்றர் நீளமானது. 1871இல் வந்த லோங், கோதை 15.6 மில்லிமீற்றராக நீட்டியதே தவிர, ஷோர்ட்டின் 1.9 கிராம் ரவையையே (குழாயிலிருந்து பாய்ந்து செல்லும் குண்டு) வைத்துக்கொண்டது. 1887இல் அதே கோதில் 2.6 கிராம் ரவையைப் பொருத்தியபோதுதான் லோங் ரைபிள் பிறந்தது. இந்த மூன்றையும் லோங் ரைபிளின் அறையில் (குழாயில் தோட்டா அமரும் இடம்) இடலாம். 1959இல் வந்த மக்னம் வேறு இனம். அதன் கோது நீளத்தில் மட்டுமன்றிப் பருமனிலும் பெரியது என்பதால் என் துப்பாக்கிக்குள் நுழையாது. மக்னத்தின் அறையில் லோங் ரைபிளை இட்டால் அது தளர்வாக நுழைந்துவிடும், சுடும்போது கோது பிளக்கக்கூடும். அதை ஒருபோதும் செய்யக் கூடாது.

என்னை வதைத்தது வேறொன்று. மச்சானின் பன்னிரண்டு போர் தோட்டாவைத் திருப்பிப் பார்த்தால், அடியில் நடுவே தீப்பற்றும் மருந்து கொண்ட தனியான கெப் ஒன்று தெரியும். சின்னத் தோட்டாவில் அது கிடையாது. தீப்பற்றும் மருந்தை ஈரமாகக் கோதுக்குள் இட்டுச் சுழற்றி, விளிம்பின் மடிப்புக்குள் பரவச் செய்கிறார்கள். விசையை இழுத்ததும் பாயும் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் வெடிக்கும். நசுங்குவதற்காக விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டியிருப்பதால் பெரிய அழுத்தத்தை அது தாங்காது. விளிம்பில் வெடிக்கும் இந்த இனத் தோட்டாக்கள் இன்று சிறியவையாகவே இருப்பதற்குக் காரணமும் அதுவே. மருந்து பரவாத இடத்தில் ஊசி விழுந்தால் "டிக்" என்ற ஓசையோடு எல்லாம் முடிந்துவிடும். துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்தபடி முப்பது நொடி காத்திருந்து போல்ட்டைத் திறக்க வேண்டும். அதற்குள் முயல் போய்விடும்.

இரண்டு ஆண்டுகளாக நான் தோட்டாக்களையே திட்டிக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் துப்பாக்கித் திருத்துநர், வெடிக்காத தோட்டா ஒன்றின் விளிம்பை விளக்கொளியில் காட்டினார்: மெழுகில் நகத்தை அழுத்தியது போன்ற, ஆழமில்லாத தடம். பிறகு அறையின் வாயைக் காட்டினார். உருக்கிலேயே ஒரு பள்ளம் இருந்தது. தோட்டா இல்லாமல் நான் விசையை இழுத்துப் பழகிய ஒவ்வொரு முறையும் ஊசி குழாயின் விளிம்பிலே போய் இடித்திருக்கிறது. அந்தத் தவறு முழுக்க என்னுடையது. ஆயினும் பள்ளத்தைச் சீர்செய்த பிறகும் முதல் ஐம்பது தோட்டாப் பெட்டியில் ஒன்று ஆழமான தடத்தோடு வெடிக்காமல் நின்றது. அதற்கு நான் பொறுப்பில்லை.

நொடிக்கு ஏறத்தாழ 325 மீற்றர் வேகத்தில், ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டாவைப் போட்டால், காற்றைக் கிழிக்கும் அந்த வெடிப்பொலி எழுவதில்லை. துவக்குச் சத்தம் கேட்டால் பாயை விட்டு எழுந்து ஓடிய பிள்ளைப் பருவம் எனக்கு உண்டு. அந்த நெஞ்சிடிப்பு இல்லாமல் நான் சுடக்கூடிய ஒரே துப்பாக்கி இதுதான். ஐம்பது மீற்றரில் அதன் குறி தவறியதில்லை. விலையும் குறைவு.

இவ்வளவும் சொல்லிவிட்டாலும், இன்று ஒருவர் வாங்கலாமா என்று கேட்டால், வெடிக்காமல் நிற்கும் அந்தக் குறைக்காகவே வேண்டாம் என்று சொல்வேன். திரும்பிப் போனதும் நடுவில் கெப் உள்ள தோட்டா போடும் துப்பாக்கி ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். பழையதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை.