மாடிக்கு ஓர் அறையா, வாசலருகே ஒரே அறையா? புதிய குடியிருப்பில் மறுசுழற்சிப் பொருள்களுக்கு இடம் ஒதுக்குதல்

கோயம்புத்தூர் சரவணம்பட்டிக்கு அருகே எங்கள் குடும்பத்து நிலத்தைக் கூட்டு ஒப்பந்தத்தில் கட்டுவதற்குக் கொடுத்தபோது, ஐந்து மாடிகளில் 40 வீடுகளுக்கான முதல் வரைபடத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் காவலாளி அறைக்கும் மின்னாக்கிக்கும்கூட இடம் இருந்தது. எடைக்குப் போடும் அட்டைப்பெட்டி, செய்தித்தாள், பாட்டில், பால் கவர் ஆகியவற்றை வைக்க ஒரு சதுர அடியும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 200 வீடுகளுக்கு மேற்பட்ட அல்லது 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் எழும் தொகுப்பு வீடுகளுக்கு இத்தகைய இடத்தை வரைபடத்திலேயே காட்ட வேண்டும் என்றன. எங்கள் கட்டடம் இரண்டு வரம்புகளுக்கும் உட்பட்டுச் சிறியது என்பதால், இடம் விடுவதும் விடாததும் எங்கள் விருப்பமாகவே இருந்தது.

எங்கள் முன் இருந்த வழிகள் மூன்று: மாடிதோறும் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றறை, வாசலருகே தரைத்தளத்தில் ஒரே அறை, மாடியிலிருந்து கீழே சரிய விடும் குழாய். தூண்களுக்கிடையே கார் நிறுத்தும் தளத்தின் ஒரு மூலையில் அறை என்று எதுவும் கட்டாமல் குவித்துவைப்பது நான்காவது வழி. பல குடியிருப்புகளில் நடைமுறையில் இருப்பதும் அதுவே. ஆனால் அந்தத் தளத்தில்தான் மின் மீட்டர் பலகையும், இப்போது மின் ஸ்கூட்டர்களுக்குச் சார்ஜ் ஏற்றும் இணைப்பும் இருக்கின்றன. அவற்றுக்கு அருகே அட்டையும் தாளும் குவிவதை யாரும் ஏற்கக் கூடாது என்பதால், அந்த வழியைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

குழாய் வழியைப் பற்றி என்னால் அதிகம் சொல்ல இயலாது. அப்படி ஒரு கட்டடத்தில் நான் குடியிருந்ததில்லை. ஒருமுறை உறவினர் வீட்டில் பார்த்ததோடு சரி. உயரமான கட்டடங்களில் அது உழைப்பை மிச்சப்படுத்தக்கூடும். ஒரே குழாயில் எல்லாம் விழுவதால் பிரித்து வைத்தது மீண்டும் கலந்துவிடும் என்பதும், கண்ணாடி பாட்டில் ஐந்து மாடி உயரத்திலிருந்து விழுந்து உடைந்தால் கீழே பிரித்தெடுப்பவரின் கைக்கு ஆபத்து என்பதும் எங்களுக்குப் போதுமான காரணங்களாக இருந்தன.

ஆக, போட்டி முதல் இரண்டுக்கும் இடையேதான். மாடி அறையோடு எனக்கு நான்கு ஆண்டுப் பழக்கம் உண்டு. இங்கே வருவதற்கு முன் பீளமேட்டுப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த குடியிருப்பில் ஒவ்வொரு மாடியிலும் ஐந்தடிக்கு நான்கடி அறை ஒன்று இருந்தது. அதன் நன்மையை மறைக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்து பத்தடி நடந்தால் போதும். மூட்டுவலி உள்ள என் மாமியார் தாமே கொண்டுபோய்ப் போடுவார். எந்த மாடியில் பிரிக்காமல் போடுகிறார்கள் என்பது எட்டு வீடுகளுக்குள் தெரிந்துவிடுவதால், ஒருவருக்கொருவர் சொல்லித் திருத்திக்கொள்ளவும் முடிந்தது. வாரம் தவறாமல் பழைய பேப்பர்காரர் வரும்வரை அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

அவர் வராத வாரங்களில்தான் அது உடைந்தது. இடம் ஒதுக்குவதில் முதலில் கணக்கிட வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். வீடுகளின் எண்ணிக்கையை வைத்துத் தொட்டிகளைக் கணக்கிடுகிறோம். ஒரு முறை எடுத்ததற்கும் அடுத்த முறை எடுப்பதற்கும் இடையே எத்தனை நாட்கள் ஆகும் என்று கேட்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் இணைய வழியில் வாங்கிய பொருள்களின் அட்டைப்பெட்டிகள் குவியும். அதே நாட்களில் எடைக்கடை ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். போகிக்கு வீட்டை ஒழிக்கும்போதும் அப்படியே. தாள் விலை இறங்கினால், சிறு சுமைக்கு வண்டி எடுப்பது அவர்களுக்குக் கட்டாது. 2020 ஊரடங்கில் பல வாரங்கள் யாருமே வரவில்லை. அந்த நாட்களில் எங்கள் மாடி அறை நிரம்பி, மீதி தீயணைப்புப் படிக்கட்டில் வரிசையாக ஏறியது. அந்தப் படிக்கட்டு எதற்காகக் கட்டப்பட்டதோ அதற்கு உதவாமல் போனது. கழுவாமல் போட்ட பால் கவர் ஒன்றிரண்டு இருந்தாலே மறுநாள் நாற்றம் கிளம்பும். மூடிய சிற்றறையில் அது நடைவழி முழுவதும் பரவியது.

பரப்பளவை மட்டும் கூட்டிப் பார்த்தால் இரண்டு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்து மாடிகளில் 20 சதுர அடி என்றால் மொத்தம் 100. நாங்கள் கட்டிய ஒரே அறை பன்னிரண்டடிக்குப் பத்தடி, அதாவது 120. ஆனால் 20 சதுர அடி அறையில் ஒருவர் நிற்கவும் கதவு திறக்கவும் பாதி போய்விடும். மீதியில் தாள், அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் என ஐந்து வகைகளைத் தனித்தனியே வைக்க முடியாது; இரண்டு சாக்குகளில் எல்லாம் கலந்துவிடும். ஒரே அறையிலோ நிற்கும் இடம் ஒருமுறைதான் தேவை. அட்டைப்பெட்டிகளைப் பிரித்துத் தட்டையாக்கிச் சுவரோடு நிறுத்தி அடுக்கினால் ஒரு மாதச் சேர்மானமும் அடங்கிவிடுகிறது. ஒரு மாடியில் அதிகமும் இன்னொரு மாடியில் குறைவும் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

எடுத்துச் செல்பவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பழைய குடியிருப்பில் ஒருநாள் அந்தப் பேப்பர்காரர், "ஏனுங்க, அஞ்சு மாடியும் ஏறி எறங்கி மூணு மூணு கிலோவாப் பொறுக்குனா எனக்கு என்னங்க மிஞ்சும்?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. இப்போது அறையின் கதவிலிருந்து எட்டடி தள்ளிக் குட்டியானை வண்டி வந்து நிற்கிறது. வகை பிரித்துக் கட்டி வைத்த முழுச் சுமையை அரை மணி நேரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். முழுச் சுமை என்பதால் தொலைபேசியில் கூப்பிட்டால் வருகிறார்கள். திருப்பூரில் என் சகோதரர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் கட்டிங் வேஸ்ட்டை நிறம் பிரித்து, சுமை ஏற்றும் வாசலை ஒட்டிய ஒரே அறையில் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். நிறம் கலக்காத துணித் துண்டை மறுபடி நூலாக்கும்போது சாயம் போட வேண்டிய தேவை குறையும். அதனால் அதற்கு மதிப்பு அதிகம். கட்டிங் மேசை தோறும் மூட்டை கட்டி விற்க யாரும் முயல்வதில்லை. குடியிருப்புக்கும் அந்த முறை பொருந்தும் என்ற துணிவு எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

எதிர்ப்பு கட்டுபவர் பக்கத்திலிருந்து வந்தது. அதில் நியாயமும் உண்டு. ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், ஏறத்தாழ 135 சதுர அடி வேண்டும். எங்கள் அறை கிட்டத்தட்ட ஒரு காரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது, அந்த இடத்துக்கு விலை உண்டு. கட்டாயமாக விட வேண்டிய எண்ணிக்கைக்கு மேல் இருந்த ஒரு நிறுத்துமிடத்தைத்தான் விட்டுக்கொடுத்தோம். அதன் இழப்பில் பாதியை எங்கள் குடும்பப் பங்கில் ஏற்றுக்கொண்டோம். மாடி அறைகளாக இருந்தால் அது பொதுப் பரப்பில் கரைந்து யார் கண்ணுக்கும் தெரியாமல் போயிருக்கும் என்பது உண்மையே.

திசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்று சாரலையும் கொண்டுவரும். மேற்கே திறந்த அறையில் அட்டை நனைந்துவிடும், நனைந்த அட்டைக்கு எடைக்கடையில் ஈரம் என்று எடை கழிப்பார்கள். ஆகையால் கதவைக் கிழக்கே வைத்து, கான்கிரீட் ஜாலியை வடக்குச் சுவரின் மேற்பகுதியில் மட்டும் விட்டோம். கூரை இல்லாத இடத்தில் வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். பாட்டில்களிலும் டப்பாக்களிலும் தேங்கும் மழைநீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் அது முதல் நாளிலேயே கைவிடப்பட்டது. தரைக்கு வழவழப்பில்லாத டைல்ஸ், கழுவிவிட ஒரு குழாய், வடிகாலுக்குச் சரிவு ஆகியவற்றைத் தளம் போடும்போதே சேர்த்துவிட்டால் செலவு பெரிதாகத் தெரியாது.

முதியவர்களின் சிரமத்துக்கு எங்கள் விடை முழுமையானதல்ல. புதன், சனிக்கிழமைகளில் தூய்மைப் பணி செய்யும் இரண்டு அக்காமார்களும் வீட்டு வாசலில் வைத்ததை எடுத்துக் கீழே கொண்டுபோகிறார்கள்; விற்ற பணம் முழுவதும் அவர்களுக்கே என்று சங்கத்தில் தீர்மானித்ததால் அறையைச் சுத்தமாக வைப்பதிலும் பிரிப்பதிலும் அவர்களுக்கு அக்கறை இருக்கிறது. இரண்டரை ஆண்டுகளாக இது தடங்கலின்றி நடக்கிறது. 150 வீடுகள் உள்ள இடத்தில் இதே ஏற்பாடு நிற்குமா என்று உறுதி கூற மாட்டேன். அங்கே மாடியில் சிறிய இடமும் கீழே பெரிய அறையுமாக இரண்டும் தேவைப்படலாம். சிப்ஸ் உறை போன்ற பல அடுக்குப் பிளாஸ்டிக்கையும் தெர்மோகோலையும் எங்கள் எடைக்கடைக்காரர் வாங்குவதில்லை. அவை மாநகராட்சி வண்டிக்குத்தான் போகின்றன. அதுவரை அவை அடைக்கும் இடத்தையும் கணக்கில் சேர்க்க நாங்கள் தவறிவிட்டோம்.

இன்னொரு தவறு கதவு. வீட்டுக் கதவின் அளவிலேயே மூன்றரை அடியாக வைத்துவிட்டோம். கட்டிய அட்டைக் கட்டும் பழைய மெத்தையும் அதில் நுழையாமல் ஒவ்வொரு முறையும் சாய்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. ஐந்தடி ஷட்டர் இருந்திருக்க வேண்டும். சுவரை இடித்து அகலமாக்கலாம் என்றால், கதவுக்கு ஒருபுறம் தூணும் மறுபுறம் தண்ணீர்க் குழாய்களும் நிற்கின்றன.